பட்டியலில் உன் பேர் இருக்கிறதா?

(தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் ஒரு கோயில் மண்டபத்தில், ஆடி மாதக் கூழ் வழிபாட்டன்று பெற்றோர்களிடமும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் தாத்தாமார்களே, ஆயாமார்களே, பின்னால் சுவரோரமாக நிற்கும் கிரேடு 10, 11, மெட்ரிக் (பள்ளி இறுதி ஆண்டு) பிள்ளைகளே, கூழ் ஊற்றுவதற்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2024 மே 29 அன்று காலை, வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன் நின்றான். என்னிடம் கணக்குப் படித்தவன். மார்ச் மாதம்தான் 18 முடிந்திருந்தது. கையில் புது அடையாள அட்டை. பக்கத்தில் அவன் ஆயா, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேரன் முதல் ஓட்டுப் போடும் நாள் அல்லவா! மேசையில் இருந்த அதிகாரி அட்டையைக் கருவியில் வைத்துப் பார்த்தார். பேர் இல்லை. இன்னொரு முறை பார்த்தார். அப்போதும் இல்லை. ஆயா விடவில்லை. "1994இல் நான் அடையாளப் புத்தகத்தை மட்டும்தான் கொண்டுபோனேன். ஓட்டுப் போடவிட்டார்களே" என்றார். ஆயா உள்ளே போய் ஓட்டுப் போட்டு வரும்வரை, அந்தப் பையன் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். அந்தக் காட்சி என் மனதைவிட்டுப் போகவே இல்லை.

ஆயா சொன்னதில் தப்பில்லை. 1994 ஏப்ரலில், எல்லா இனத்தவரும் முதல்முறையாகச் சேர்ந்து ஓட்டுப் போட்ட அந்தத் தேர்தலில், வாக்காளர் பட்டியல் என்று ஒன்று கிடையாது. 18 வயதாகி, அடையாளப் பத்திரம் இருந்தால் போதும். அது இல்லாதவர்களுக்குத் தற்காலிக அட்டைகூடக் கொடுத்தார்கள். நீண்டு நீண்டு போன அந்த வரிசைகளில் நின்ற நமக்கு அது மறக்க முடியாத நாள். அதனாலேயே, ஓட்டுப் போடுவது என்றால் அட்டையை எடுத்துக்கொண்டு போவதுதான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் 1999 தேர்தலிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. பட்டியலில் பேர் இருப்பவர்தான் வாக்காளர். நாம் ஆசையோடு பிள்ளைகளுக்குச் சொல்லும் 1994 கதையில் இந்த ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அந்தப் பையன் விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. "18 ஆகட்டும், அப்புறம் பதியலாம்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தேர்தல் தேதியை அரசிதழில் அறிவித்தது 2024 பிப்ரவரி 23இல். அந்த நாளோடு பட்டியல் மூடியது. அவனுக்கு 18 ஆனபோது கதவு சாத்தியாகிவிட்டது. உண்மையில் அவன் 16 வயதிலேயே பதிந்திருக்கலாம். நம் நாட்டுச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அடையாள அட்டை கிடைத்த உடனே பதியலாம். 18 ஆனதும் ஓட்டுப் போடலாம். இன்றைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான்: கிரேடு 10இல் இருக்கும் பிள்ளைக்கும் இது இப்போதே செய்ய வேண்டிய வேலை.

சரி, எப்படிச் செய்வது? முதலில் அட்டை. பிறப்புச் சான்றிதழோடு ஹோம் அஃபேர்ஸ், அதாவது உள்துறை அலுவலகம், போக வேண்டும். 16 ஆனவர்களுக்கு முதல் அட்டை இலவசம். போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள்.  வரிசை நீளம்தான், எனக்கும் தெரியும். பள்ளி விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள், தாத்தாவோ அம்மாவோ கூடப் போங்கள். தனியாகப் போகும் பிள்ளை அலுத்துப்போய்ப் பாதியில் திரும்பி வந்துவிடும்.

அட்டை வந்தபின் பதிவு சுலபம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் 2021இலிருந்தே பதியலாம். ஆணையத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கும் போகலாம். பதிவுக்கென்று அறிவிக்கும் சனி, ஞாயிறுகளில் நீங்கள் ஓட்டுப் போடும் சாவடியிலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். முகவரிக்குச் சான்று காட்ட வேண்டியதில்லை, ஆனால் முகவரியைச் சரியாகச் சொல்ல வேண்டும். எந்த வார்டில் உங்கள் ஓட்டு என்பதை அந்த முகவரிதான் முடிவு செய்கிறது. அடுத்த வருடம் படிப்புக்காகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கோ ஜோபர்க்குக்கோ போகிற மெட்ரிக் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த முகவரியில் மறுபடியும் பதிய வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் பதிந்த இடத்தைத் தவிர வேறெங்கும் ஓட்டுப் போட முடியாது.

பதிந்தாயிற்றா என்று சந்தேகம் வந்தால் உங்கள் அடையாள எண்ணை 32810 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஒரு ராண்ட் ஆகும், பதில் வந்துவிடும்.

இந்தப் பட்டியலைப் பற்றி நான் ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக நம் முன்னோர்கள் 1860இல் மதராஸிலிருந்து வந்து இறங்கியது உங்களுக்குத் தெரியும். 1896இல், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் அரசு ஒரு சட்டம் போட்டது. அதில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. நாடாளுமன்ற முறையில் தேர்தல் நடக்காத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் ஓட்டு இல்லை என்று எழுதினார்கள். யாரைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள். அந்த நாளில் பட்டியலில் முறையாகப் பேர் இருந்தவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. நினைத்துப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு கடைக்காரர்கள், ஒருவர் பேர் ஏட்டில் இருந்தது, மற்றவர் பேர் இல்லை. ஒருவருக்கு ஓட்டு மிஞ்சியது, மற்றவருக்குப் போனது. 1924இல் நகராட்சி ஓட்டையும் புதிதாக யாரும் பெற முடியாதபடி செய்தார்கள். ஏட்டில் ஒரு பேர் ஏறுவதற்கு இந்த மண்ணில் அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

இன்னொரு பேச்சும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. "ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது? நாங்கள் 84இல் போடாமல்தானே எதிர்த்தோம்?" என்பார்கள். 1984 ஆகஸ்ட் 28இல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்துத் தேர்தல் நடத்தியது. கறுப்பின மக்களுக்கு ஓட்டே இல்லாத தேர்தல் அது. பதிந்திருந்த இந்தியர்களில் ஏறக்குறைய 5இல் ஒருவர்தான் போனார். மற்றவர்கள் போகாமல் இருந்தது பெருமைப்பட வேண்டிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது சும்மா வீட்டில் படுத்துக் கிடந்ததல்ல. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், கூட்டம் போட்டார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், கைதானார்கள். எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்பதற்காக அந்த ஓட்டை மறுத்தார்கள். அந்த மறுப்பைச் சொல்லி இன்றைக்கு ஒரு பிள்ளையைப் பதிய வேண்டாம் என்று தடுப்பது, அவர்கள் பட்ட பாட்டுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

என்ன ஆகப் போகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீரை நினைவுபடுத்துகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் ஊர் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியும் கேனும் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். அது நகராட்சி விஷயம். நம் ஊரும் டர்பனும் சேர்ந்த ஈதெக்வினி மாநகராட்சியில் 2021 தேர்தலின்போது 111 வார்டுகள். உள்ளாட்சித் தேர்தலில் நமக்கு இரண்டு வாக்குச்சீட்டு தருவார்கள். ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, இன்னொன்று கட்சிக்கு. இரண்டும் சேர்ந்துதான் அப்போது 222 பேர் மன்றத்துக்குப் போனார்கள். குழாய், குப்பை, தெருவிளக்கு எல்லாம் அவர்கள் மேசைக்குத்தான் போகும். 2021 நவம்பர் 1இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், பதிந்தவர்களில் பாதிப்பேர்கூட நாடெங்கும் வரவில்லை. அந்த மன்றங்களுக்கு 5 ஆண்டுதான் காலம். அது முடிந்து 90 நாளுக்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும்.

பழக்கத்துக்குப் பள்ளியிலேயே இடம் இருக்கிறது. 1996 பள்ளிச் சட்டப்படி உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் பிரதிநிதி மன்றம் இருக்க வேண்டும். அந்தத் தேர்தலைக் கைதூக்கி முடித்துவிடாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சீட்டு அச்சடியுங்கள், மறைப்பு வையுங்கள், பட்டியலில் பேரைச் சரிபாருங்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு வருடம் அப்படிச் செய்து பார்த்தோம். எண்ணும்போது நிறையச் சீட்டு செல்லாமல் போனது. ஒன்றில் இதயம் வரைந்து கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் அப்படி ஒன்றுகூட இல்லை.

நிஜச் சாவடியிலும் அப்படித்தான். அதிகாரி சீட்டின் பின்புறம் முத்திரை குத்தினாரா என்று பாருங்கள். முத்திரை இல்லாத சீட்டை எண்ண மாட்டார்கள். ஒரு கட்டத்தில் மட்டும் குறி போடுங்கள். பேரோ அடையாள எண்ணோ எழுதாதீர்கள். தப்பாகப் போட்டுவிட்டால் பயப்படாமல் அதிகாரியிடம் சொல்லுங்கள். பெட்டியில் போடுவதற்கு முன் என்றால் வேறு சீட்டு தருவார்கள். குறி போட்ட சீட்டைப் போனில் படம் எடுப்பது குற்றம், நண்பர்களுக்குக் காட்டவும் வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கூட்டிப் போங்கள், வரிசையில் கூட நில்லுங்கள், ஆனால் யாருக்குப் போட்டாய் என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று சாப்பாட்டு மேசையில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். மறைப்புக்குள் அவர்கள் தனியாகப் போகட்டும்.

வருகிற சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் இதே மண்டபத்தில் உட்காருகிறோம். அட்டை இருப்பவர்கள் அட்டையும் போனும் கொண்டு வாருங்கள், அங்கேயே பதிந்துவிடலாம். அட்டை இல்லாதவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள், எந்த நாளில் யார் கூடப் போவது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஆயாமார்களும் வர வேண்டும். வீடு மாறியவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள். உங்கள் எண்ணையும் 32810க்கு அனுப்பிப் பார்த்துவிடுவோம்.