உறைவிந்துக் குச்சியில் ஓர் இரலை

அவையோருக்கு வணக்கம்.

சஹாராவின் தென்விளிம்பில் மந்தை மந்தையாகத் திரிந்த வளைகொம்பு ஓரிக்ஸ் இரலை, காட்டில் அற்றுப்போய்விட்டதாக 2000இல் அறிவிக்கப்பட்டது. காப்பிடங்களில் தப்பியவற்றின் வழிவந்தவற்றை 2016 முதல் சாட் நாட்டில் மீண்டும் திறந்தவெளியில் விட்டுவருகிறார்கள். 2023இல் அதன் நிலை ‘காட்டில் அற்றுப்போனது’ என்பதிலிருந்து ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என மேம்பட்டது. பெருமகிழ்ச்சிதான். ஆனால் சில ஆண்களே திரும்பத் திரும்ப இணைந்தால் மந்தைக்குள் உறவுக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைவது, ஏறும். ஆண் விலங்கைக் கண்டம் தாண்டி அனுப்புவது அதன் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில், உறைந்த விந்தை அடைத்த மெல்லிய குழாயில், அதாவது குச்சியில், விந்தை அனுப்பலாம். அந்த ஆண் இறந்த பின்னும் கன்று பிறக்கும்.

திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் விந்தணு பல பத்தாண்டுகள் கெடாது. அது சாவதெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழியிலும், திரும்பி வரும் வழியிலும்தான். அந்த வழியைத்தான் இன்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

மயக்க மருந்துக்கு முன் விலங்கைப் பட்டினி போட வேண்டும். அசைபோடும் விலங்கு, வயிறு ஊதும், இரைப்பைநீர் மூச்சுக்குழாயில் இறங்கும். மார்பு தரையில் படும்படி கிடத்தி, கழுத்தை உயர்த்தி, மூக்கைத் தாழ்த்தி வையுங்கள். மெல்லிய மின்னோட்டத்தால் விந்தை வெளிவரச் செய்யும் மின்தூண்டலில் கிடைக்கும் விந்தைச் சிறுசிறு பங்காகத் தனித்தனிக் குழாய்களில் பிடியுங்கள். தூண்டல் மிகுந்தால் சிறுநீர் கலக்கும். கலந்த குழாயைக் கொட்டிவிடுங்கள். ஒரே குழாயில் பிடித்திருந்தால் எல்லாமே போயிருக்கும்.

அடுத்து, உடல் வெப்பத்திலேயே முட்டை மஞ்சள் கரு கலந்த கரைசலைச் சேர்க்கிறோம். மஞ்சள் கரு விந்தணுச் சவ்வைக் குளிரிலிருந்து காக்கும். உறையும்போது விந்தணுவைக் காக்கும் கிளிசரால் பொதுவாக 4 முதல் 8 சதவீதம். குறைந்தால் பனிப்படிகம் குத்தும், மிகுந்தால் கிளிசராலே நஞ்சு. காளைக்கு ஒத்துவந்த அளவு இரலைக்கும் ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விந்தைப் பிரித்து, இரண்டு மூன்று அளவில் உறையவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5 டிகிரிக்கு இறக்க இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். அவசரப்பட்டால் சவ்வின் கொழுப்பு திடுமென இறுகிக் கிழியும். பிறகு குச்சிகளை நைட்ரஜனுக்கு 4 செ.மீ. மேலே, ஆவியில் பத்து நிமிடம் வைத்து அமிழ்த்துங்கள். மிக மெதுவாக உறைந்தால் வெளியே உப்பு செறிந்து விந்தணு வற்றும். மிக வேகமாக உறைந்தால் உள்ளேயே பனி கட்டும். உருக்குவதற்கு 37 டிகிரி நீரில் அரை நிமிடம் போதும். இவ்வளவு கவனித்தும் அசையும் விந்தணுக்களில் பாதியை இழப்பது வழக்கம்தான். கொள்கலனில் குச்சியைத் தேடும்போது கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்காதீர்கள். பாதி உருகி மீண்டும் உறைந்த குச்சியை வெளியிலிருந்து பார்த்து அடையாளம் காண முடியாது.

பெண் பக்கம் இதைவிடக் கடினம். ஓரிக்ஸில் 11 நாள் இடைவெளியில் இரண்டு புரோஸ்டாகிளாண்டின் (ஒரு இயக்குநீர்) ஊசி போட்டுச் சினைப்பருவத்தை ஒருங்கிணைக்கலாம். ஆனால் மிரளும் விலங்கை அடிக்கடி பிடித்தால் அந்தப் பதற்றமே சினைப்பிடிப்பைக் கெடுக்கும்.

இதையெல்லாம் இனம் குறைந்த பிறகு தொடங்குவது தாமதம். ஸ்பெயினின் அல்மேரியாவில் வளர்த்த குவியர் கெசல் என்ற சிறு இரலைகளில், உறவுக்கலப்பு கூடிய ஆண்களின் விந்து தரம் தாழ்ந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. நல்ல விந்து இருக்கும்போதே சேமிக்க வேண்டும்.

பூங்காவில் ஓர் ஆண் இரலை இறந்தாலும் வாய்ப்பு முடிந்துவிடவில்லை. விதைப்பையோடு விரைகளை அகற்றி, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, பனிக்கட்டி நேரே படாமல் 4, 5 டிகிரியில் வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேருங்கள். விரையை ஒட்டிய, விந்தணு முதிர்ந்து தங்கும் குழாயான விரைமேவியில் உயிருள்ள விந்தணு இருக்கும். சடலத்தைப் புதைக்கக் குழி தோண்டும் முன் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.