சீனாவின் அமைதிப்படை: பாதி புல்டோசர், பாதி துப்பாக்கி

[திரையில்: தெற்கு சூடான் வரைபடம். வாவ் நகரம் ஒளிர்கிறது]

குரல்: ஐ.நா. அமைதிப்படை என்றதும் துப்பாக்கி ஏந்திய வீரர்தான் கண்முன் வருவார். சீனா நெடுங்காலம் அனுப்பியதோ சாலை போடுபவர்களையும் மருத்துவர்களையும். 1992-ல் கம்போடியாவுக்குப் போன அதன் முதல் படைப்பிரிவே 400 பேர் கொண்ட பொறியியல் பிரிவுதான்.

[காட்சி: சேற்றில் புதைந்த லாரி]

சீனப் பொறியாளர்கள் சாலை போட்ட தெற்கு சூடானின் தாழ்நிலங்களில் கரிசல் மண். மழை பிடித்தால் உப்பும், லாரி அச்சுவரை விழுங்கும். மேலே சரளை மட்டும் கொட்டிப் பயனில்லை, ஓரிரு மழையில் அதுவும் சேற்றோடு போய்விடும். முதலில் இருபுறமும் வாய்க்கால். தண்ணீர் குறுக்கே பாயும் இடத்தில் குழாய்ப் பாலம். பிறகு மேடு கட்டி, செம்மண் சரளை பரப்பி, ரோலரால் இறுக்க வேண்டும். வேலை வறண்ட மாதங்களில் மட்டுமே நடக்கும். சாலை அறுந்தால் உணவும் மருந்தும் விமானத்தில்தான் போக வேண்டும், செலவு எகிறும்.

இதற்கு ஐ.நா. பணம் தருகிறது. 2018 விகிதப்படி ஒரு வீரருக்கு மாதம் 1,428 டாலர், அதுவும் அவர் கைக்கல்ல, அவர் நாட்டு அரசுக்கு. இயந்திரங்களுக்குத் தனி வாடகை. ஆய்வின்போது ஓடாத புல்டோசர் இருந்தால் வாடகையில் வெட்டு விழும்.

[காட்சி: தெற்கு சூடான் தலைநகர் ஜூபா, எண்ணெய்க் குழாய்]

பெய்ஜிங்கின் கணக்கு இதுதான்: வறுமை தீர்ந்தால் சண்டை தணியும், தேர்தலும் அரசியல் சீர்திருத்தமும் பிறகு, ஆட்சியில் இருப்பவரின் சம்மதத்தோடு மட்டுமே உள்ளே போக வேண்டும். (இறையாண்மை என்று பேசினாலும் தைவான் விஷயத்தில் தளர்வில்லை. தைவானை அங்கீகரித்த குவாத்தமாலாவுக்கான பார்வையாளர் குழுவை 1997-லும், அதேபோல் அங்கீகரித்த மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. படையின் நீட்டிப்பை 1999-லும் வீட்டோ செய்தது. முதலாவதில் சில நாளில் இறங்கி வந்தது.)

ஆட்சியில் இருப்பவரே சுட ஆரம்பித்தால்? அங்கேதான் கணக்கு இடறுகிறது.

தெற்கு சூடான் குறித்து 2014 மே மாதம் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2155-ஆம் தீர்மானம், பொதுமக்களைக் காக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் எண்ணெய் நிலையங்களையும் சேர்த்தது. அந்த எண்ணெயில் பெரும் பங்குதாரர் சீனாவின் அரசு எண்ணெய் நிறுவனம். அடுத்த ஆண்டே 700 வீரர்கள் கொண்ட காலாட்படை ஜூபாவில் இறங்கியது. சீனா ஐ.நா.வுக்கு முழுக் காலாட்படைப் பிரிவு அனுப்பியது அதுவே முதல் முறை.

2016 ஜூலை 8-ல் ஜூபாவில் அதிபர் கீர் தரப்புக்கும் முதல் துணை அதிபர் மச்சார் தரப்புக்கும் மோதல் வெடித்தது. இரண்டு நாள் கழித்து, உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாம் அருகே நின்ற சீனக் கவச வண்டியை ராக்கெட் குண்டு தாக்கியது. இரண்டு வீரர்கள் இறந்தனர். நகரின் மறுகோடி ஐ.நா. தளத்தில் அறுவைச் சிகிச்சை வசதி இருந்தது, ஆனால் காயம்பட்டவர்களைக் கொண்டுபோக வழியில்லை. பிறகு ஓய்வுபெற்ற டச்சு ராணுவ அதிகாரி காமெர்ட் தலைமையில் ஐ.நா. நடத்திய விசாரணை, சீனப் படையினர் காவல் நிலைகளைக் கைவிட்டதைப் பதிவு செய்தது. பழி சீனாவுடையது மட்டுமல்ல. பல நாட்டுப் படைகளுக்கு ஒரே கட்டளை இல்லாததும், தலைமை தடுமாறியதும் அந்த அறிக்கையிலேயே உள்ளன.

[திரையில்: 10.25% → 23.78%]

அமைதிப்படை நிதியில் சீனாவின் பங்கு 2017-ல் 10.25 சதவீதம், 2025-ல் சுமார் 23.78. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். இந்த நிதியை அலசும் ஐ.நா. பொதுச் சபையின் ஐந்தாம் குழுவில், அமைதிப்படைகளில் உள்ள மனித உரிமை அதிகாரிகளின் பணியிடங்களைக் குறைக்க சீனா அழுத்தம் கொடுத்திருக்கிறது. கரிசலில் சாலை போடும் அணிகளும் அதே அமைதிப்படைகளில்தான் வேலை செய்கின்றன.