பதிவு எங்கே?

தலைமையேற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

காவல் மரணங்களில் அதிகாரிகள் தப்பிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வழக்குத் தொடர அரசு அனுமதி வேண்டும் என்பது ஒன்று. துறைக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்வது இன்னொன்று. ஸ்டேஷன் கேமராவின் பதிவு அழிந்துபோவது மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பேசத்தான் வந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கில் நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், தேடிப்போன மகனையும் பிடித்து வைத்தார்கள். சில நாள்களில் இருவருமே இறந்துபோனார்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதினார்கள் தெரியுமா? அவர்களே தரையில் உருண்டு உள்காயம் பட்டுக்கொண்டார்களாம்!

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு நீதித்துறை நடுவரை அனுப்பியது. அவர் போய் லத்திகளைக் கேட்கிறார். ஒரு காவலர் சுவரேறிக் குதித்து ஓடுகிறார். இன்னொருவர் நடுவரையே இழிவாகப் பேசுகிறார். கடைசியில் ஸ்டேஷனையே வருவாய்த் துறையிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அந்த ஸ்டேஷனில் ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை என்றார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அஞ்சினார். வெளியே சக காவலர்கள் நிற்கிறார்கள், பயம் வராதா? ஆனாலும் போட்டார். அந்தத் தாய்க்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

சரி, கேமரா? இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். பூசணிக்காய் எந்தச் சோற்றில் மறைந்தது என்று பாருங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும், லாக்கப் உட்பட, ஒலியோடு பதிவாக வேண்டும். 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது. 2025இல் திருப்புவனம் பக்கத்தில் கோயில் காவலாளி இறந்தபோது நமக்கு உண்மையைக் காட்டியது யாரோ மறைந்து நின்று எடுத்த செல்போன் வீடியோ. அடித்தது ஸ்டேஷனுக்கு வெளியே. அதனால்தான் கேமரா இல்லாத இடத்தில் விசாரணையே கூடாது என்கிறோம்.

மேடைக்குக் கீழே மேசையில் தகவல் உரிமை மனு இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் எத்தனை கேமரா ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, இரண்டே கேள்விதான். ஸ்டேஷன் பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம்.