செயலாளரின் இரவு வேலையும் செயற்கை நுண்ணறிவும்

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். நம் தோட்டப்புறச் சங்கங்களில் செயலவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எழுத்து வேலை பெரும்பாலும் செயலாளர் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அவரும் பகல் வேலையை முடித்துவிட்டு இரவில்தான் சங்கக் கோப்பைத் திறக்கிறார். அந்த இரவு வேலையில் எதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

என் கருத்தில் முதலிடம் கூட்டக் குறிப்புக்குத்தான். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போய்ச் சேர வேண்டும். நாம் கூட்டத்தில் தமிழில் பேசுகிறோம். மினிட் மெசுவாரட்டை, அதாவது கூட்டக் குறிப்பை, மலாயில் எழுதுகிறோம். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைச் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொண்டால், கூட்டத்தின் ஒலிப்பதிவை வெளியே எங்கும் அனுப்பாமல் எழுத்தாக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மொழியை நாம் குறிப்பிடாவிட்டால், அது முதல் 30 விநாடிகளைக் கேட்டே இன்ன மொழி என்று முடிவு செய்துவிடும். தலைவர் மலாயில் வரவேற்புரை சொல்லித் தொடங்கினால், பின்னால் வரும் தமிழ்ப் பேச்சு முழுவதும் சிதைந்துபோகக்கூடும். ஆகவே தமிழ் என்று முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். தமிழில் தொடங்கி மலாயில் முடியும் நம் வாக்கியங்கள் அப்போதும் அதைத் தடுமாற வைக்கும் என்பதால், தீர்மானங்களையும் தொகைகளையும் கூட்ட முடிவில் ஒருவர் தெளிவாக வாசித்துப் பதிவு செய்வது நல்லது. அந்த எழுத்தைச் சாட்ஜிபிடி மலாயாக்கித் தரும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களைக் கைக்குறிப்போடு நீங்களே ஒத்துப்பார்க்க வேண்டும்.

அடுத்தது கடித வேலை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களை எந்தச் சூழ்நிலையிலும் சாட்ஜிபிடி போன்ற தளங்களில் ஏற்றாதீர்கள். பெயரை அழித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும் அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். ஆவணமின்றித் தவிக்கும் ஒரு பிள்ளைக்காகக் கடிதம் எழுதும்போது, "மாணவர் அ" என்று குறிப்பிட்டு வரைவைப் பெற்றுக்கொண்டு, உண்மையான விவரங்களைக் கையால் நிரப்புங்கள்.

மானிய விண்ணப்பத்தில் செயற்கை நுண்ணறிவின் உதவி எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. அது எழுதித் தந்தால் எல்லாச் சங்கமும் ஒரே சங்கம்போல் ஒலிக்கிறது. உங்கள் டியூஷன் வகுப்பைப் பற்றி நீங்களே தமிழில் எழுதிவிட்டு, மலாயாக்க மட்டும் கொடுங்கள். வரவுசெலவைக் கூட்டுவதற்கு எக்செல் போதும்.