தோணி நிற்கும் கரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் நம்ம கடற்கரைச் சாலையை ஒரு முறையாவது முழுசாக நடந்து பார்த்திருப்பார்கள்? பைக்கில் போயிருப்போம். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்போம். நான் சொல்வது நடை. விடியற்காலையில் வடக்கே திரேஸ்புரத்தில் தொடங்குங்கள். கடல் உங்கள் இடது கைப்பக்கம் வரட்டும். அப்படியே தெற்கே நடங்கள்.

திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் நிற்கும், மீன் ஏலம் கேட்கும். அங்கே கொஞ்ச நேரம் நின்று கடலை மட்டும் பாருங்கள். திருச்செந்தூரில் பார்க்கிற அலை இங்கே இருக்காது. வான்தீவு, காரைச்சல்லி என்று வெளியே தீவுகளும் பவளப்பாறைகளும் கிடப்பதால் கரையோரம் தண்ணீர் குளம்போல இருக்கும். இன்னொன்று, ஆழம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆழம் கிடையாது. இந்த ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது.

ஆழம் இல்லாததால் நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியவில்லை. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. பஞ்சுப் பொதி, உப்பு மூட்டை, எதுவானாலும் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் கப்பலில் சேர்க்க வேண்டும். ஆட்களுக்கும் அதே கதைதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரைக்கும், ரயிலில் வந்து இறங்கிக் கொழும்புக்குப் போனவர்கள் இந்தக் கரையில் சிறு படகு ஏறித்தான் கப்பலைப் பிடித்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்களில் எத்தனையோ பேர் கடைசியாக மிதித்த சொந்த மண் இது. கடல் ஆழமாக இருந்திருந்தால் இத்தனை தோணியும் இத்தனை தோணிக்காரர்களும் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

இனி பழைய துறைமுகம். உள்ளே போக அனுமதி வேண்டும். வெளியே நின்றாலும் பாய்மரக் கம்பங்கள் தெரியும். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் சிமெண்டும் இன்றைக்கும் தோணியில் போகின்றன. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தோணி ஓடாது, அப்போதுதான் மராமத்து நடக்கும். அந்த நாட்களில் நடந்தால் காதுக்கும் வேலை உண்டு. டொக், டொக் என்று ஒரு சத்தம். அது கலப்பத்து அடிக்கிற சத்தம்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் தண்ணீர் வராமல் பஞ்சுத் திரியைத் திணிப்பதற்குத்தான் கலப்பத்து என்று பெயர். அலமாரி, சாவி, மேசை மாதிரி இதுவும் போர்ச்சுகீசியர் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வயதான தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். எண்ணெயில் ஊறிய திரியை விரலால் முறுக்கி இடுக்கில் வைத்தார். அதன்மேல் மழுங்கின உளியை வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்தார். முதல் அடிகளில் சத்தம் மெத்தென்று இருந்தது. திரி இறங்க இறங்கச் சத்தம் இறுகியது. “தம்பி, கண்ணால பார்க்காதீங்க, காதால கேளுங்க. பலகை பேசுச்சுன்னா நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு அடி அடிச்சாலும் பலகை விலகிரும்” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாலைந்து அடி கழித்து ஒரு ‘டங்’ கேட்டது. “நிறுத்துங்க” என்று நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டுக் கொட்டாப்புளியை என் கையில் கொடுத்தார். அந்தக் கைப்பிடி உள்ளங்கை பட்டுப்பட்டுத் தேய்ந்து, கழுவின புளியங்கொட்டை மாதிரி பளபளத்தது.

தோணி ஓடாத மாதங்களில்தான் மாதா திருவிழாவும் வருகிறது. 1713-இல் எழுந்த கோயில் அது. கொடியேற்றத்தின்போது கடலோடிகளும் ஊரில் இருப்பார்கள். நடையில் கோயிலுக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் ஒரு எழுத்து விளையாட்டு. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனிக்கு அவர்கள் மொழியில் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய நம் சிதம்பரனாருக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்து. ஒரே கரையில் முதல் வி.ஓ.சி. நம் முத்தையும் துணியையும் வாங்க வந்தது. இரண்டாவது வி.ஓ.சி., வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகக் கலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. புதிய துறைமுகம் இன்று தாங்குவது இரண்டாமவர் பெயரை. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மீன்பிடித் துறைமுகம், ரோச் பூங்கா, உப்பளம் எல்லாவற்றையும் நீங்களே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். புதிய துறைமுகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆழம் கிடையாது என்றேன் அல்லவா? 1974-இல் அது பெருந்துறைமுகமானபோது ஆழத்தைத் தேடிக் கடலுக்குள்ளேயே போக வேண்டியிருந்தது. வடக்கு அலைத்தடுப்புச் சுவர் மட்டும் 4 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. முயல்தீவுப் பக்கம் நின்றால் தெரியும். அதுவரை நடக்க முடியாதவர்கள் பழைய துறைமுகத்திலிருந்து பஸ் ஏறிவிடுங்கள். போகும்போது தண்ணீர் பாட்டிலும், வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கூட்டிப் போங்கள். வணக்கம்.