ஆறு பேர் நடித்த ஒரு பாடகர்

அன்புள்ள பார்வையாளர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்து ஹட்டனில் இன்று விடிந்ததிலிருந்து அடைமழை பெய்கிறது; தகரக் கூரையில் விழும் சத்தம் என் குரலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்பு என்ற தோல் பறையை அடிக்கும் கலைஞர் ஒருவரைப் பற்றி நான் எடுக்கத் தொடங்கிய படம் பாதியில் நின்றுபோனதை உங்களில் பலர் அறிவீர்கள். அது ஏன் நின்றது என்பது எனக்கே இப்போதுதான் விளங்கியது. விளங்க வைத்தது, டொட் ஹெய்ன்ஸ் இயக்கி 2007இல் வெளிவந்த 'ஐ ஆம் நாட் தேர்' என்ற அமெரிக்கத் திரைப்படம்.

நாட்டார் பாடல் மரபிலிருந்து எழுந்து, 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வரை சென்ற அமெரிக்கப் பாடகர் பொப் டிலனைப் பற்றிய படம் அது. ஆனால் படத்தில் வரும் எவரும் அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு வரியில் எழுத்தாக மட்டும் அது வந்து போகிறது. அவருடைய வாழ்க்கையின் வெவ்வேறு முகங்களை ஆறு பேர், வெவ்வேறு பெயர்களில் நடிக்கிறார்கள். கிறிஸ்டியன் பேல் போராட்டப் பாடகராகவும் பின்னர் மதபோதகராகவும் வருகிறார். ஹீத் லெட்ஜர் மணவாழ்க்கை முறிந்துபோகும் ஒரு நடிகர். வியட்நாம் போர் முடியும் செய்தி தொலைக்காட்சியில் ஓடும் காலத்தில் அவருடைய வீடும் உடைகிறது. பென் விஷா கேள்வி கேட்பவர்களின் முன்னால் உட்கார்ந்து புகைத்தபடி பதில் சொல்லும் கவிஞர்.

முதலில் வருபவன் ஒரு கறுப்பினச் சிறுவன். மார்கஸ் கார்ல் ஃபிராங்க்ளின் நடித்த இந்தப் பையன், கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரக்கு ரயிலில் ஏறித் திரிகிறான். தன் பெயர் வூடி கத்ரி என்கிறான். உண்மையான வூடி கத்ரி, டிலன் இளம்வயதில் தெய்வமாக மதித்த நாட்டார் பாடகர். அந்தப் பையன் ஓர் ஏழை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிறான். அவனோடு சேர்ந்து பாடுபவர் 1969இல் வுட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கிவைத்த ரிச்சி ஹேவன்ஸ். கதை நடக்கும் ஆண்டு 1959. பாடுவதோ டிலன் 1965இல் வெளியிட்ட பாடல். இது கவனப்பிசகு அன்று. பையன் பாடும் மற்றப் பாட்டெல்லாம் பழைய பஞ்ச காலத்துப் பாட்டு. அந்த வீட்டுப் பெண் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, நீ வாழும் காலத்தைப் பாடு பிள்ளாய் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பாட்டிமார் சொல்வதைப் போலவே, கடிந்துகொள்ளாமல், ஆனால் தப்பிக்க இடம் கொடுக்காமல்.

மிகவும் பேசப்பட்டது கேட் பிளான்செட்டின் பகுதி. 1960களின் நடுப்பகுதியில், கலைந்த தலைமுடியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த டிலனைக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் ஒரு பெண் நடித்திருக்கிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது, ஒஸ்கார் பரிந்துரையும் வந்தது. ஆணின் வேடத்தைப் பெண் கட்டலாமா என்று இணையத்தில் இன்னமும் வியக்கிறார்கள். மாசி மாதத்தில், சிவன் மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டி வரும் ரதி, மதன் எரிந்த இரவில் ஒப்பாரி வைக்கும்போது, காலையில் அதே ஆளை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பார்த்த பெண்கள் அழாமலா இருந்தார்கள்? வேடம் ஆளை மறைப்பதற்கு என்று நினைப்பவர்களுக்குத்தான் இது புதுமை.

1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில், அங்கே அதுவரை சாதாரணக் கிட்டாரோடு பாடிய டிலன் மின்சாரக் கிட்டாரோடு மேடையேறியதும் கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். ஹெய்ன்ஸ் அதை நடந்தபடி காட்டவில்லை: பாடகரும் இசைக்குழுவினரும் கூட்டத்தை நோக்கி இயந்திரத் துப்பாக்கிகளால் சுடுகிறார்கள், அதன் பின்னர்தான் பாட்டுத் தொடங்குகிறது. நடந்தது எது என்பதை விட, கேட்டவர்களுக்கு எப்படி வலித்தது என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. ஆறாவது நடிகரான ரிச்சர்ட் கெயர் குதிரையில் திரியும் பகுதி மட்டும் எனக்கு இழுவையாகவே பட்டது. இரண்டு தடவை பார்த்தும் மனம் ஒட்டவில்லை.

இனி நம்முடைய கதைக்கு வருகிறேன். நாட்டார் பாட்டு ஒரே ஆளின் சொத்தாக இருந்ததில்லை. டிலன் 1962இல் எழுதிய, உலகமெங்கும் பாடப்பட்ட 'புளோயிங் இன் த விண்ட்' பாடலின் மெட்டே, அடிமைச் சந்தையை மறுத்துக் கறுப்பின மக்கள் பாடிய பழைய பாட்டிலிருந்து வந்தது. இங்கே தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மையும் அதையே செய்தார்: சனங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான மெட்டுகளில் தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் வைத்துக் கட்டி, தோட்டத்துக் கூட்டங்களில் தாமே பாடினார், அந்தப் பாடல்கள் 1940இல் அச்சிலும் வந்தன. அவரை யாராவது படமாக எடுத்தால், ஒரு நடிகை போதுமா?

என் படத்திலிருந்த பிழையும் இதுதான். அந்தத் தப்புக் கலைஞரான தாத்தாவைக் கதிரையில் உட்கார வைத்து, பிறந்தது எப்போது, தப்புப் பழகியது யாரிடம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையில் ஓர் ஆண்டு. அவருடைய அம்மா சொன்னது வேறோர் ஆண்டு. பெயரைக்கூட எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டாராம். பழக்கியவர் யார் என்ற கேள்விக்கு மூன்று நாளில் மூன்று பேரைச் சொன்னார். நான் எரிச்சலடைந்து கெமராவை நிறுத்தினேன். இளம்வயதில் டிலனும், தான் திருவிழாக் கூத்துக் கூட்டத்தோடு ஊர் சுற்றியவன் என்று பத்திரிகைக்காரர்களிடம் கதை விட்டவர்தான். ஹெய்ன்ஸ் அந்தப் பொய்களைத் திருத்தாமல், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைக் கொடுத்துவிட்டார்.

தாத்தாவின் தப்பு மட்டும் ஒரே ஆளாகவா இருந்தது? விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்பியதும் அதுதான். திருவிழாவில் சாமியை இறக்கியதும், சாவு வீட்டிலிருந்து பிரேதத்தோடு நடந்ததும் அதுதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. எனவே புதிதாகத் தொடங்குகிறேன். பெரட்டு அடியை அவருடைய பேரன் அடிப்பான். சாவு அடிக்கு ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறேன்; அவள் இன்னும் சம்மதிக்கவில்லை, அவளுடைய அண்ணன்மாருக்கு இஷ்டமில்லை.

ஹெய்ன்ஸின் படத்தில் உண்மையான டிலன் கடைசியில்தான் தோன்றுகிறார். பேசுவதில்லை, மவுத் ஓர்கன் வாசிக்கும் முகம் மட்டும். என்னிடமும் அப்படியொரு துண்டு இருக்கிறது. கேள்வி கேட்பதை நான் நிறுத்திய பிறகும் கெமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மூட்டத்தில் தளர்ந்துபோன தோலைத் தாத்தா மானாப்புல் நெருப்பில் காட்டித் திருப்புகிறார், விரலால் தட்டிக் காதருகே கொண்டுபோகிறார், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நெருப்பில் காட்டுகிறார். மொத்தம் நான்கு நிமிடம். அதில் ஒரு நொடியைக்கூட வெட்டப் போவதில்லை.