வாட்டுக்குள்ள சுத்துற கிருமி

வணக்கம், வயலுக்க நிண்டுகொண்டு கேக்கிற ஆக்களுக்கும் சேர்த்துத்தான். நான் வன்னியில ஒரு ஆஸ்பத்திரியில தொற்றுத் தடுப்பு வேலை பாக்கிற நேர்ஸ். மருந்துக்கு அடங்காத கிருமி வாட்டுக்குள்ள எப்பிடிப் பரவுது எண்டு கதைக்கச் சொல்லியிருக்கினம்.

கனபேர் நினைக்கிறது, உடம்பு மருந்துக்குப் பழகீட்டுது எண்டு. உடம்பில்ல, கிருமிதான் பழகுது. அன்ரிபயோட்டிக் போட்டா சாகிறது சாகும், தப்பினது மிஞ்சும், மிஞ்சினது பெருகும், நல்ல சூடும் சாப்பாடும் கிடைச்சா ஈ-கோலை எண்ட குடல் கிருமி 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகும், அதோட விடாம தப்புற வழியைப் பக்கத்தில கிடக்கிற வேற சாதிக் கிருமிக்கும் குடுத்திடும். பெனிசிலினைக் கண்டுபிடிச்ச பிளெமிங் 1945 இல நோபல் பரிசு வாங்கேக்கயே இதைச் சொல்லிப்போட்டார், குறைஞ்ச அளவில பாவிச்சா கிருமி பழகீடும் எண்டு. ஆர் கேட்டது? மெத்திசிலின் எண்ட அன்ரிபயோட்டிக் பாவனைக்கு வந்த கையோட, 1961 இலயே இங்கிலாந்தில அதுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ எண்ட கிருமி வந்திட்டுது. 2019 இல மட்டும் உலகத்தில 12 லட்சத்து 70 ஆயிரம் பேரளவில இப்பிடியான கிருமியளால நேரடியாச் செத்திருக்கினம் எண்டு கணக்கு.

ஏன் ஆஸ்பத்திரியில கூட? அன்ரிபயோட்டிக் கூடப் பாவிக்கிறதும் அங்க, நல்லா ஏலாமப் போன சனம் கிடக்கிறதும் அங்க, சேலைன் ஊசி, சலம் போற ரியூப், ஒப்பரேசன் காயம் எண்டு உள்ள போற வாசலும் அங்கதான். ஆனா கட்டில் விட்டுக் கட்டில் அது பெரும்பாலும் போறது கையிலதான். எங்கட கையிலயும்தான், மறைக்கேல்ல. ஒரு நேர்ஸ் முழு வாட்டையும் பாக்கிற இரவில, கை கழுவு எண்டு நோட்டீஸ் ஒட்டுறது லேசு.

எங்கட ஆக்கள் நோயாளி பாக்க வாறதும் ஒரு கதை. ஹயஸ் பிடிச்சுக் குடும்பமா வருவினம், பாசம்தான், வராட்டி பிறகு ஊருக்க வேற கதை வரும். வந்தோன்ன கட்டிலில ஏறி இருக்கிறது, காயத்துத் துணியைத் தூக்கிப் பாக்கிறது, சலப் பையை ஒதுக்கி வைக்கிறது, அதே கையால பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு இடியப்பம் பிச்சுக் குடுக்கிறது. ஆச்சி காய்ச்சலுக்கு வந்தவ. உள்ள வரேக்கயும் போகேக்கயும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, கட்டிலில இருக்காதேங்கோ, சின்னப் பிள்ளையளை வீட்டில விட்டிட்டு வாங்கோ.

மற்றது இந்தக் கல்ச்சர், எந்தக் கிருமி, அதுக்கு எந்த மருந்து கேக்கும் எண்டு பாக்கிற சோதனை. லாப்பில ஒரு தட்டில கிருமியை வளத்து, மருந்து ஊறின குட்டி வட்டக் கடுதாசியளை மேல வைப்பினம். மருந்து கேட்டா கடுதாசியைச் சுத்திக் கிருமியில்லாம வெளியா ஒரு வளையம் விழும். சில தட்டில ஒரு கடுதாசிக்கும் வளையம் இல்ல, முழுக்க மூடிக்கிடக்கும், பாக்கவே வயித்தைக் கலக்கும். ரிப்போட் வர ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். அதுக்குள்ள டொக்டர் ஒண்டும் செய்யிறாரில்ல எண்டு பாமசியில குளிசை வாங்கித் தலையணிக்குக் கீழ ஒளிச்சு வச்சுக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், தயவுசெய்து வேண்டாம்.

நோயாளியை யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ மாத்தினா அந்த ரிப்போட்டும் கூடப் போகுதோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டி அங்க முதல்லயிருந்து தொடங்குவினம், கிருமி மட்டும் நோயாளியோட அம்புலன்ஸில போய்ச் சேர்ந்திருக்கும்.